இந்த வாரத்தை வெட்டுங்கள்

'விண்டேஜ்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பத்து வருஷமாகக் கத்தரியும் பசையுமாகக் கொலாஜ் செய்கிறவள் நான். என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் முன்னால் ஒட்டுகிறார்கள். ஐம்பதுகளின் வார இதழிலிருந்து வெட்டிய ஒரு பெண், தலைக்குப் பதில் கிராமபோன், பின்னால் பெரிய நிலா. முடிஞ்சது. கீழே நூறு இதயக்குறி. இதற்குப் பேர் கொலாஜாம். அலங்காரம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே!

"பழசை மீட்டெடுக்கிறோம்" என்கிறார்கள். எதை மீட்கிறீர்கள்? அந்தக் கால வார இதழ்கள் மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தாளில் இருக்கும் அமிலமே அதைப் பழுக்கவைத்து, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுக்கிவிடும். எஞ்சியிருப்பதே கொஞ்சம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது. அவர் கையில் சிக்காமல் ஏதோ ஒரு பரணில் தப்பிக் கிடந்ததை, நாம் எடைக்கு வாங்கிக் கத்தரி போடுகிறோம்.

"நம்ம பாட்டிகளும் வெட்டினாங்களே?" வெட்டினார்கள். 1950இல் பொன்னியின் செல்வன் கல்கியில் தொடராக வரத் தொடங்கியபோது, வாராவாரம் பக்கங்களை எடுத்து, மணியத்தின் படங்களோடு பைண்ட் பண்ணி வைத்த வீடுகள் உண்டு. ஆனால் அவர்கள் வெட்டியது அந்த வாரத்து இதழை. பக்கத்து வீட்டிலும் அதே இதழ் கிடந்தது.

ஹன்னா ஹோக்கை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் என்ன வெட்டினார் என்று பார்ப்பதில்லை. 1916 முதல் பத்தாண்டுகள் அவருக்கு பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் வேலை. பெண்கள் இதழ்களுக்குப் பின்னல், எம்பிராய்டரி டிசைன் போடுவது. அதே நிறுவனத்தின் வார இதழ் 1919 ஆகஸ்டில், ஜனாதிபதி எபெர்ட்டும் அமைச்சர் நோஸ்கேயும் குளியல் உடையில் நிற்கும் படத்தை அட்டையில் போட்டது. ஹோக் இருவரையும் வெட்டி எம்பிராய்டரி டிசைன்மேல் ஒட்டினார். பதவியில் இருந்த ஜனாதிபதி! 1920 டாடா கண்காட்சியில் வைத்த 'சமையலறைக் கத்தி' கொலாஜின் மூலையில், ஐரோப்பாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்த நாடுகளின் வரைபடம் இருக்கிறது. அதுவும் சுடச்சுட வந்த செய்திதான்.

கண்டெடுத்த பொருள் விஷயமும் இதே கதை. குர்ட் ஷ்விட்டர்ஸ் ஒட்டியவை டிராம் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும். நாமோ காரைக்குடி பழம்பொருள் கடையில் பேரம் பேசி வாங்கிய பித்தளைப் பூட்டை ஒட்டிவிட்டு, 'கண்டெடுத்தது' என்று எழுதுகிறோம். அதைக் கண்டெடுத்தது கடைக்காரர்.

"இன்றைய பேப்பரில் என்ன அழகு இருக்கு?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் பழசைப் பிடித்துக்கொள்வதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. செத்துப்போன விளம்பரக் கம்பெனி கேஸ் போடாது. மறைந்த அமைச்சரின் ஆட்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். பழசு பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்துப் பாருங்கள். முன்பக்கம் முழுக்க நகைக்கடை மணப்பெண். உள்ளே மூணு விரல் அகலத்தில் வரதட்சிணைச் சாவு. இன்னொரு பக்கத்தில் சாதி வாரியாக மணமகள் தேவை. நடுவிலிருந்து வீட்டுமனை நோட்டீஸ் நழுவி விழும். எல்லாம் ஒரே கட்டில், ஒரே காலையில் வாசலுக்கு வருகிறது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்காட்ட ஆள் வேண்டாமா?

பழைய படம் எனக்கும் தேவைப்படும். அப்போது ஜெராக்ஸ் எடுத்து அதைத்தான் வெட்டுவேன். இதழ் பத்திரமாக உறைக்குள் போய்விடும். என் கத்தரி அசல் தாளைத் தொடுவதென்றால், அது இந்த வாரத்துத் தாளாக இருக்கும். அதன் முதலாளியும் அதில் சிரிக்கிற ஆளும் உயிரோடு இருப்பார்கள்; பார்த்தால் கோபப்படுவார்கள். படட்டும்.