வட்டி குறைந்தது, கரைக்கு வந்ததா?

பேசாலைக் கரையில் விடியுமுன் வள்ளம் தள்ளும் கடற்றொழிலாளியிடம், கொழும்பில் வட்டி குறைந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். “யாருக்கு?” என்று அவன் கேட்பான். அக்கேள்விக்கு விடை வேண்டும்.

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை ஒரே முறையில் 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக உயர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் 87 ரூபா விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று; செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூலை வரை கொழும்பு விலைச்சுட்டெண் முந்திய ஆண்டினதைவிடத் தாழ்ந்தே நின்றது. மின்கட்டணமும் எரிபொருள் விலையும் இறங்கியது அதற்கு முக்கிய காரணம். 2023 ஜூனில் தொடங்கிய வட்டிக் குறைப்போ 2025 மே மாதத்தில் கொள்கை வட்டியை 7.75 சதவீதத்துக்குக் கொணர்ந்தது. கடன் மலிந்தால் தொழில் தழைக்கும், விலையும் 5 சதவீத இலக்கை நோக்கி ஏறும் என்பது பொருளியலார் கூற்று.

கூற்று பொய்யன்று. ஆனால் கட்டுக்கரைக்குளத்தின் மதகைத் திறந்துவிட்டால் மட்டும் கடைவயல் நனைந்துவிடுமா? வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் முருங்கன் உழவன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். மலிந்த பணத்துக்கு வாய்க்கால் வங்கி. வங்கியோ பிணை கேட்கிறது. வள்ளமும் வலையுமே சொத்தாகக் கொண்டவன், அவ்வலையையும் இழுவைப்படகு அறுத்துச் சென்றபின், எதைப் பிணை வைப்பான்? மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் பெறுகிறான். அன்று முதல் அவன் மீன் அவனுடையதன்று; விலை சொல்பவர் முதலாளி. அங்கே வட்டி கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை. மீனின் விலையில் அறுக்கப்படுகிறது. அந்த வட்டியை எந்த நாணயக் கொள்கைச் சபையும் கூடிக் குறைத்ததில்லை.

விலை உயரட்டும் என்கிறார்களே, எந்த விலை? அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறி, அவன் மீன் மட்டும் முற்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தால், அம்மறுமலர்ச்சி அவனுக்கு இன்னொரு பஞ்சமே.

வட்டி உயர்ந்தே இருந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. குறைத்தது நன்று, அதோடு நின்றதே குற்றம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே, வள்ளத்தையும் உழைப்பையும் பிணையாக ஏற்று, குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள். பிடித்த மீனை அன்றே விற்றாக வேண்டிய கட்டாயம் ஒழியப் பனிக்கட்டி நிலையங்களும் குளிர்களஞ்சியங்களும் கரையிலேயே அமையுங்கள். முற்பணத்தின் பிடி தளர்ந்த பின்னரே, கொழும்பில் குறைந்த வட்டி மன்னார்க் கரையிலும் குறைந்ததாகும்.