பரணில் தூங்கும் பழைய காமிரா

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிலிம் காமிரா கிடக்கிறதா? அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்!

இன்று எல்லார் கையிலும் செல்போன். திருப்புல்லாணிக்கு வருகிறவர்கள் கோவில் தெப்பக்குளத்தில் நூறு படம் எடுக்கிறார்கள். சேதுக்கரைக் கடலில் இன்னும் நூறு. வீடு திரும்பிய பிறகு அவற்றை யார் பார்க்கிறார்கள்?

"எதை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது" என்று இளைஞர்கள் அலுத்துக் கொள்கிறார்கள். அதற்கு மருந்து பழைய காமிராதான் என்பேன்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் பல வீடுகளில் இருந்தது 'அக்பா கிளிக் 3'. ஒரு சுருளில் 12 படம்தான். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. அழிக்கவும் முடியாது. அதனால் கை நிதானிக்கும். கண் விழித்துக் கொள்ளும். வெயில் எந்தப் பக்கம்? நிழல் எங்கே விழுகிறது? பாட்டி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டதா? இப்படிப் பார்க்கப் பழகியவனுக்குத் தெரிந்த தெருவும் புதிதாகத் தெரியும்.

1858-ம் ஆண்டில் கேப்டன் டிரைப் என்ற வெள்ளைக்காரர் மதுரை, தஞ்சைக் கோவில்களைப் படம் பிடித்தார். அவருக்குப் பிலிம் கிடையாது. மெழுகு பூசிய தாள்தான். ஒவ்வொரு தாளையும் பக்குவப்படுத்த வேண்டும். அப்படியும் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார்! கருவி எளிதாக இல்லை. ஆனால், கண் கூர்மையாக இருந்தது.

பிலிம் விலை அதிகம் ஆயிற்றே என்பீர்கள். உண்மைதான். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. சுருளைக் கழுவித் தரும் கடைகளும் குறைந்துவிட்டன. ஆகவே கடன் வாங்கிப் பிலிம் வாங்க வேண்டாம். பழைய காமிரா சொல்லும் பாடத்தைச் செல்போனில் படியுங்கள். ஒரு நாளைக்கு 12 படம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது!

கோபுரத்தை எல்லாரும் எடுத்தாயிற்று. அமாவாசையன்று சேதுக்கரையில் முழுகி எழும் முதியவரைப் பாருங்கள். அவரிடம் அனுமதி கேளுங்கள். பிறகு எடுங்கள்.

பன்னிரண்டில் நல்லதாக ஒன்றைத் தாளில் அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். போன் தொலைந்தாலும் பாட்டியின் சிரிப்பு தொலையாது.