பதிப்பகமும் பாடமாகட்டும்

ஆசிரியருக்கு,

நவீன இத்தாலிய இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பது பற்றிய கட்டுரை படித்தேன். பிராந்தெல்லோ, மொந்தாலே, கால்வினோ எனப் பெரும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அந்த நூல்கள் வாசகர் கைக்கு வந்த பாதையைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

பிரீமோ லேவி ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டு எழுதிய முதல் நூலைத் துரின் நகரின் எய்னாவ்தி பதிப்பகம் ஏற்கவில்லை. மறுத்தவர்களில் எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்புர்கும் ஒருவர். அவரே யூதர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கணவரைச் சிறையில் பறிகொடுத்தவர். 1947-இல் ஒரு சிறு பதிப்பகம் அதை 2,500 பிரதிகள் அச்சிட்டது. எய்னாவ்தி வெளியிட்டது 1958-இல்தான். போர் முடிந்த கையோடு அந்தச் சாட்சியத்தைக் கேட்க நாடு தயாராக இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விமர்சன நூலும் சொல்லாது.

லாம்பெதூசாவின் ‘சிறுத்தை’ நாவலையும் எய்னாவ்திக்காக எலியோ வித்தோரினி நிராகரித்தார். லாம்பெதூசா 1957-இல் இறந்தார். மறு ஆண்டு ஃபெல்த்ரினெல்லி பதிப்பகம் நாவலை வெளியிட்டது. 1959-இல் அதற்கு ஸ்த்ரேகா இலக்கிய விருது கிடைத்தது.

பவேசே, கால்வினோ, கின்ஸ்புர்க், வித்தோரினி எல்லோரும் எழுத்தாளர்கள் மட்டுமல்லர், எய்னாவ்திக்காகப் பிறர் பிரதிகளைத் தேர்ந்தவர்களும்கூட. எந்த நூல் நிலைக்கும் என்பதில் அவர்கள் தீர்ப்புக்கும் பங்குண்டு. எனவே இத்தாலிய இலக்கியம் கற்பிக்கும் பேராசிரியர்கள் பதிப்பு வரலாற்றை விருப்பப் பாடமாக ஒதுக்காமல், முதல் ஆண்டிலேயே நூல்களோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர்