மாடியில் கம்பி, பக்கத்து வீட்டில் கரகர!

திண்டுக்கல்லில் பூட்டுப் போட முடியாத ஒரே சமாச்சாரம் காற்றில் வரும் அலை! மொட்டை மாடியில் நீளமாகக் கம்பி கட்டி, ஜப்பான்காரனோடு பேசும் ஹாம் ரேடியோ ஆசாமி உங்கள் தெருவில் இருந்தால் இது புரியும். அவர் பேசுவது ஜப்பானில் கேட்கிறதோ இல்லையோ, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுவிடும். தொண்டை கட்டிய வாத்து மாதிரி!

திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. மத்திய அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் இதில் பேச முடியும். ராஜீவ் காந்தியும் லைசென்ஸ் வைத்திருந்த ஹாம்தான்.

கொடைக்கானல் டவரைப் பார்த்து மாடிக்கு மாடி ஆன்டெனா நின்ற காலத்தில் சண்டை இன்னும் ஜோர். சச்சின் 98-ல் நிற்கும்போது திரையில் கோடு கோடாக ஓடினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அப்படித்தான் பக்கத்து வீட்டு வாத்தியார் வாசலுக்கு வந்துட்டார்" என்றார் என் சீனியர் ஹாம் நண்பர். "முதல்ல எங்க வீட்டு டி.வி.யைப் பார்த்தேன். கம்பிக்கு நேர் கீழ இருக்கிற அதுவே சுத்தமா ஓடுச்சு. அப்படின்னா கோளாறு பெரும்பாலும் அவர் பூஸ்டர்லதான். ஆனா அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடக் கூடாது!"

பதிலுக்கு வாத்தியாரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாராம். கரகர வந்த நேரத்தை அவர் குறிக்க வேண்டும். பேசிய நேரம் இவருடைய லாக் புத்தகத்தில் இருக்கும். வாரக் கடைசியில் இரண்டையும் டாலி பண்ணுவது. பி.காம். படித்த எனக்கு இந்த முறை ரொம்பவே பிடித்துவிட்டது. டாலி ஆகாத நேரத்துக்குக் குற்றவாளி மிக்ஸியோ, வெல்டிங் பட்டறையோ! டாலி ஆன நேரத்துக்கு வைத்தியம்: தன் டிரான்ஸ்மிட்டரில் ஒரு ஃபில்டர், வாத்தியாரின் ஆன்டெனா ஒயரில் ஒரு ஃபில்டர், ஸ்பீக்கர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று. ஆக, அலைக்கும் பூட்டு உண்டு!

இப்போது கணக்கு தலைகீழ். மலிவான எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் நண்பரின் ரேடியோவில் விழுகிறது. இவர் போய் வாத்தியார் கதவைத் தட்டுகிறார். அன்றைக்குக் கட்டிப் புரண்டிருந்தால், இன்றைக்கு அவர் பல்பைக் கழற்றித் தருவாரா?

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. ஹாம் நிலையம் அமைக்க அங்கே போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து ரேடியோ மூலமாகவே செய்திகளை அனுப்பினார்கள். உயிரோடிருப்பது உறவினர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். அப்படி ஒரு நாளில் நம் தெருவுக்கும் ஒரு கம்பி வேண்டும். அது நிற்பதும் விழுவதும் பக்கத்து வீட்டுக்காரர் கையில்.

ஆகவே ஹாம் நண்பர்களே, வாசலுக்கு வருகிறவரை முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதலில் ஃபில்டர் காபி. அப்புறம் ஃபில்டர்!