எண்ணப்படாத தலித் எண்ணிக்கை

நாவலூர் அடங்கிய திருப்போரூர் தொகுதியில் தலித் வாக்காளர்கள் எத்தனை பேர்? தேர்தல் நெருங்கினால் ஒவ்வொரு கட்சிக்காரரும் ஒரு எண் சொல்வார். வாக்காளர் பட்டியலில் அந்த எண் கிடையாது. பெயர் சேர்க்கும் படிவம் 6 சாதியைக் கேட்பதில்லை. பாகம் பாகமாகத் தெருப்பெயரைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 'காலனி' என்று இருந்தால் நாம். அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. கட்சிக்காரர்களின் மனக்கணக்கிலிருந்து எப்போது நீங்குமோ!

நாம் கவலைப்பட வேண்டிய கணக்கு வேறு. தனித்தொகுதிகள் எத்தனை என்பது வாக்காளரை வைத்து முடிவாவதில்லை. குழந்தைகள் உட்பட மொத்த மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கை வைத்து முடிவாகிறது. இன்றுள்ள 44 தனித்தொகுதிகள் (நம் மாவட்டத்தில் செய்யூரும் மதுராந்தகமும்) 2001 கணக்கெடுப்பின்படி வந்தவை. அப்போது நம் பங்கு 19 சதவீதம். 2011இல் 20.01 சதவீதம், 1 கோடியே 44 லட்சம் பேர். 234 இடங்களில் அதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், 46ஐத் தாண்டுகிறது. ஆனால் 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை மாற்றமில்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு மூன்று இடங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை.

அந்த முதல் கணக்கெடுப்புதான் 2027இல் வருகிறது. அதில் யார் விடுபடுவார்கள்?

சட்டமே சிலரை விட்டுவிடுகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியலில் வைத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் இல்லை. ஒரே சேரியில், ஒரே வீட்டில் அண்ணன் பட்டியல் சாதி, ஞானஸ்நானம் பெற்ற தம்பி பிற்படுத்தப்பட்டவர். சேரிக்கு வெளியே டீக்கடையில் இந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்து, இடம் பெயர்க்கப்பட்டவர்கள். நமக்குப் பக்கத்திலேயே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கி இங்கே நட்டவர்களில் பெரும்பகுதி உழைக்கும் தலித் மக்கள். தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19இல் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம். மாநிலத்தில் நீக்கப்பட்டவர்களில் 66 லட்சம் பேருக்குச் சொன்ன காரணம், முகவரியில் இல்லை, இடம் மாறிவிட்டார் என்பது. இடத்தை மாற்றியது யார்? அதில் தலித்துகள் எத்தனை பேர் என்று கேட்டால், பட்டியலில் சாதி இல்லையே என்பார்கள்.

வீட்டைத் தேடிப் பட்டியலை எடுக்கும் முறை, வீடு நிலையில்லாதவரை இப்படித்தான் தொலைக்கும். 2027இலும் அது நடக்கலாம். அதனால் ஊர்ப்பெயர் தெரிந்த இளைஞர்கள் சேரிவாரியாக, வாடகை லைன் வீடுகள், கட்டடத் தொழிலாளர் கொட்டகைகள் உட்பட, இப்போதே ஒரு நோட்டில் எழுதத் தொடங்க வேண்டும். கணக்கெடுப்பவரோடு கூடவே போக வேண்டும். சாதியைக் கேட்கும்போது வெறுமனே 'எஸ்.சி.' என்று சொல்லாமல் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லி, அதையே எழுதினாரா என்று பார்க்க வேண்டும்.