திறனும் முறைமையும்

நுழையும்முன்

வெற்றி கிட்டினால் வீரரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவதும், தோல்வி நேர்ந்தால் பயிற்றுநரைப் பதவியிலிருந்து நீக்குவதும் தொழில்முறை விளையாட்டு உலகின் வழக்கம். ஓர் அணியின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் உண்மையில் காரணம் யார்? தனிவீரரின் திறனா, பயிற்றுநர் வகுத்த ஆட்டமுறையா? அமெரிக்கக் கூடைப்பந்து வரலாற்றின் சில நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

2004ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் இறுதிப்போட்டி நடைபெற்றது. ஒருபுறம் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி. ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் எனப் புகழ்பெற்ற நால்வர் அவ்வணியில் இருந்தனர். மறுபுறம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி. புகழில் அந்நால்வருக்கு நிகரானவர் எவரும் அதில் இல்லை. ஆயினும் பயிற்றுநர் லாரி பிரவுன் பழக்கிய தடுப்பாட்டத்தின் துணையால் டெட்ராய்ட் 4-1 என்னும் கணக்கில் வென்றது. முறைமைக்கு முன் திறன் தோற்றது என்று பலரும் தீர்ப்பு எழுதினர்.

அத்தீர்ப்பின் மை உலர்வதற்குள் ஆகஸ்ட் மாதம் வந்தது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குப் பயிற்றுநராகச் சென்றவரும் அதே லாரி பிரவுன்தான். ஆலன் ஐவர்சன், டிம் டங்கன் போன்ற தேர்ந்த வீரர்களும், லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆன்டனி ஆகிய இளையோரும் அணியில் இருந்தனர். முதல் ஆட்டத்திலேயே புவேர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என அமெரிக்கா வீழ்ந்தது. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்று, வெண்கலத்துடன் நாடு திரும்பியது. 1992இல் தொழில்முறை வீரர்களை அனுப்பத் தொடங்கிய பின்னர் அந்நாடு ஒலிம்பிக் தங்கத்தைத் தவறவிட்டது அதுவே முதன்முறை.

இரண்டு மாத இடைவெளியில் ஒரு பயிற்றுநரின் அறிவு குறைந்துவிடுமா? உலகின் தலைசிறந்த வீரர்கள் ஆட்டத்தை மறந்துவிடுவார்களா? வீரரா, பயிற்றுநரா என்று கேட்கும் கேள்வியே குறையுடையது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

திறனின் ஆற்றல்

திறனின் தரப்பு வலுவானது. கூடைப்பந்தில் களத்தில் நிற்போர் அணிக்கு ஐவர் மட்டுமே. கால்பந்தில் முன்கள வீரர் பந்தை எதிர்நோக்கி நெடுநேரம் காத்திருக்க நேரலாம். மட்டைப்பந்தில் ஆட்டமிழந்த மட்டையாளர் வெளியேறியாக வேண்டும். கூடைப்பந்திலோ சிறந்த வீரர் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் இடையறாது பங்குகொள்கிறார். எனவே ஒருவரின் வரவு ஓர் அணியின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இதற்குச் சான்று. 1996-97 பருவத்தின் இடையில் கிரெக் பாப்போவிச் அதன் தலைமைப் பயிற்றுநரானார். முதன்மை வீரர் டேவிட் ராபின்சன் காயமுற்றிருந்த அப்பருவத்தில், 82 ஆட்டங்களுள் 20இல் மட்டுமே அணி வென்றது. அடுத்த பருவத்தில் ராபின்சன் மீண்டார். டிம் டங்கன் புதிதாக வந்து சேர்ந்தார். வெற்றிகள் 56ஆக உயர்ந்தன. அதன்பின் அவ்வணி ஐந்து முறை வாகை சூடியது. ஆயினும் டங்கன் முதலானோர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கடந்த பின், 2023-24 பருவத்தில், அதே பாப்போவிச்சின் அணி 22 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. எத்துணைத் தேர்ந்த உழவராயினும் விதையின்றி விளைச்சல் காண இயலாது.

முறைமையின் பயன்

விதை மட்டும் போதுமா எனின், அதுவும் இல்லை. 1986-87 பருவத்தில் சிகாகோ புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டான் ஆட்டத்திற்குச் சராசரியாக 37.1 புள்ளிகள் குவித்தார். அவ்வாறு குவித்தும் அணி 40 ஆட்டங்களில் வென்று 42இல் தோற்றது. தொடர்ந்து வந்த வெளியேற்றுச் சுற்றில் பாஸ்டன் அணியிடம் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் விடைபெற்றது.

1989இல் பில் ஜாக்சன் தலைமைப் பயிற்றுநரானார். உதவிப் பயிற்றுநர் டெக்ஸ் வின்டர் நெடுங்காலமாகக் கற்பித்துவந்த முக்கோணத் தாக்குதல் முறையை அணி கைக்கொண்டது. பந்து ஒருவர் கையிலேயே தங்காமல், ஐவரும் இடைவெளி அறிந்து நின்று, எதிரணியின் நகர்வுக்கேற்பப் பந்தைக் கைமாற்றும் முறை அது. 1990-91இல் ஜோர்டானின் சராசரி 31.5 புள்ளிகளாகக் குறைந்தது. சிகாகோ முதன்முறையாக வாகை சூடியது. இறுதிப்போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில், பெரிதும் பேசப்படாத ஜான் பாக்ஸன் 20 புள்ளிகள் எடுத்தார். எதிரணியினர் ஜோர்டானைச் சூழ்ந்தபோது, பாக்ஸன் தடுப்பாரின்றி நின்றார்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் வரலாறோ இரு தரப்புக்கும் சான்றாகிறது. 2013-14இல் 51 ஆட்டங்களில் வென்ற அவ்வணி, ஸ்டீவ் கெர் பயிற்றுநரானதும் பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு 67 வெற்றிகளும் 2015ஆம் ஆண்டின் வாகையும் பெற்றது. அதே கெர் பொறுப்பிலிருந்த 2019-20 பருவத்தில், ஸ்டீபன் கரியும் கிளே தாம்சனும் காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களில் ஆட இயலாமற்போக, 15 வெற்றிகளும் 50 தோல்விகளுமே மிஞ்சின.

இசைவும் காலமும்

ஆகவே முறைமை என்பது பலகையில் வரையப்படும் கோடுகளில் இல்லை. தம் திறனின் ஒரு பகுதியை அணிக்காக விட்டுக்கொடுக்க வீரர் இசையும்போதே அது பிறக்கிறது. 2014 வரை தாம் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடக்க ஐவருள் ஒருவராகக் களமிறங்கியவர் ஆந்த்ரே இக்குவடாலா. மாற்று வீரராக அமர வேண்டும் என்று கெர் கேட்டபோது அவர் இசைந்தார். அப்பருவத்தின் இறுதிப்போட்டியில் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. ஆணை பிறப்பித்தல் பயிற்றுநருக்கு எளிது. அவ்விசைவைப் பெறுதல் அரிது. அவருடைய உண்மையான பணியும் அதுவே.

இசைவு ஒரு நாளில் விளைவதன்று. டெட்ராய்ட் வீரர்களுள் பெரும்பாலோர் ஒரு பருவம் முழுதும் சேர்ந்து ஆடியவர்கள். ஏதென்ஸ் சென்றவர்கள் சில வாரங்களே கூடிப் பயின்றவர்கள். இக்குறையை உணர்ந்தே, 2005இல் அமெரிக்க அணியின் பொறுப்பேற்ற ஜெரி கொலாஞ்சலோ, நாட்டுக்காக ஆட விரும்புவோர் தொடர்ந்து சில ஆண்டுகள் அணியோடு இருக்க உறுதிதர வேண்டும் என்றார். மைக் ஷஷெவ்ஸ்கி பயிற்றுநரானார். 2006 உலகப் போட்டியிலும் வெண்கலமே கிடைத்தது. எனினும் பயிற்றுநர் மாற்றப்படவில்லை. 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் கிடைத்தது. ஏதென்ஸில் தோற்ற ஜேம்ஸ், வேட், ஆன்டனி மூவரும் அவ்வணியில் இருந்தனர்.

நடுநிலையான தீர்ப்பு

தோல்விக்குப் பின் பயிற்றுநரே முதலில் நீக்கப்படுகிறார். பதினைந்து வீரர்களை மாற்றுவதைவிட ஒருவரை மாற்றுவது எளிது என்பதே அதற்குக் காரணம். எளிதான செயல் நேர்மையான செயலாகிவிடாது. வீரர்களும் காலமும் தரப்பட்டனவா என்று பாராமல் அவரைத் தண்டித்தல் முறையன்று. அரிய வீரர்களைப் பெற்றதால் கிடைத்த வெற்றியை முழுவதும் பயிற்றுநரின் கணக்கில் எழுதுவதும் அத்தகையதே.

1997ஆம் ஆண்டு இறுதிப்போட்டியின் ஆறாம் ஆட்டம் சில நொடிகளில் முடியவிருந்தது. இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. பந்து ஜோர்டானிடம் இருந்தது. தம்மை நோக்கி இருவர் விரைவதைக் கண்ட அவர், பந்தைச் சக வீரருக்கு வழங்கினார். புதிய வீரர்களின் தேர்வில் ஐம்பதாவதாக அழைக்கப்பட்டவர் அவர். அவர் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. சிகாகோ ஐந்தாம் முறையாக வாகை சூடியது. அவ்வீரரின் பெயர் ஸ்டீவ் கெர். பின்னாளில் பயிற்றுநராகி, விட்டுக்கொடுக்குமாறு இக்குவடாலாவைக் கேட்டவர் அவரே. அக்கேள்வியின் மதிப்பை அவர் தம் கைகளில் வந்து சேர்ந்த ஒரு பந்தின் வழியே முன்னரே அறிந்திருந்தார்.