மாரோவிண்டும் சில அம்புக்குறி பக்தர்களும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. வாரம் பூரா ஆணி புடுங்கி நொந்து போய் உட்கார்ந்தா, ஸ்கைரிம்ல அதே டிராகனை நூத்தியெட்டாவது தடவையா அடிக்கக் கை வரல. சரி, இந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில மூணாவதா வந்த மாரோவிண்டைத்தான் ஒரு கை பார்ப்போமேன்னு தள்ளுபடியில வாங்கிப் போட்டேன். 2002-ல வந்த சரக்கு. அப்ப நான் எல்.கே.ஜி.

நாப்பதே நிமிஷம் மக்களே. கப்பல்ல இருந்து கைதியா இறக்கி விட்டாங்க. ஆபீஸ்ல பேர் பதிஞ்சாங்க. கையில ஒரு பொட்டலத்தைக் குடுத்து, பால்மோரான்னு ஒரு ஊர்ல கையஸ் கொசேடஸ்னு ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட சேர்த்துடுன்னு சொல்லி வெளிய தள்ளிட்டாங்க. அவ்ளோதான். அம்புக்குறி கிடையாது, மேப்புல புள்ளி கிடையாது. கடற்கரைப் பக்கம் போனா ஒரு நண்டு. குத்துறேன், குத்துறேன், குத்திக்கிட்டே இருக்கேன்.. கத்தி நண்டு உடம்புக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியுது, அதுக்கு ஒரு கீறல் இல்ல. கடைசியில நண்டு என்னைக் கொன்னுடுச்சு. கடுப்புல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, "பழைய கேமும் பாழாப்போன ரசனையும்"னு ஒரு பதிவுக்குத் தலைப்பு வரைக்கும் அடிச்சு வச்சேன்.

அந்தப் பதிவு வராது. அதுக்கு எதிர்ப்பதிவுதான் இது. எழுதறதுக்கு முன்னாடியே என் பதிவுக்கு நானே எதிர்ப்பதிவு போடற கொடுமை வேற யாருக்கும் வந்திருக்காது.

ஞாயித்துக்கிழமை மறுபடி இன்ஸ்டால் பண்ணினதுக்குக் காரணம் ரோஷம்தான், ரசனையெல்லாம் ஒண்ணும் இல்ல. நண்டுகிட்ட ஏன் தோத்தேன்னு கணக்கு பார்த்தேன். பொறியியல் படிச்சதுக்கு அதாவது பிரயோஜனப்படட்டும். இந்த கேம்ல அடி விழுமா விழாதாங்கறதை உள்ளுக்குள்ள ஒரு தாயக்கட்டை முடிவு பண்ணுது. நம்ம ஆயுதத் திறமை, சுறுசுறுப்புல அஞ்சுல ஒரு பங்கு, அதிர்ஷ்டத்துல பத்துல ஒரு பங்கு, மூணையும் கூட்டணும். வர்றதை நம்ம களைப்பை வச்சுப் பெருக்கணும். தெம்பா இருந்தா 1.25, மூச்சு வாங்கிட்டு நின்னா 0.75. அதுக்கப்புறம் எதிரி விலகற திறமையை அதுல கழிக்கணும். நான் என்ன பண்ணியிருந்தேன்? நீள்வாள் வீரன்னு எழுதிக் குடுத்துட்டுக் கையில குறுவாளைப் பிடிச்சிருந்தேன். குறுவாள்ல என் திறமை 5. சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40. ஆக 5+8+4, மொத்தம் 17. வழி பூரா ஓடியே வந்ததால களைப்பு பூஜ்யம். 17-ஐ 0.75-ஆல பெருக்கினா 12.75, கிட்டத்தட்ட 13. நூறு குத்துல பதிமூணு, அதுலயும் நண்டு விலகறதைக் கழிக்கணும்! அதே ஆளு கையில நீள்வாள், திறமை 40, ஓடாம நடந்து வந்திருந்தா 52 பெருக்கல் 1.25, 65. கேம் மேல தப்பே இல்ல. குறுவாள் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான். சொன்னதை அது நம்பிடுச்சு, பாவம்.

எனக்குக் கோபம் வர்றது இங்கதான். 2025 ஏப்ரல்ல ஆப்ளிவியனோட ரீமாஸ்டர் வந்துச்சில்ல? அதுல இருந்து எங்க பார்த்தாலும் ஒரே பாட்டு. அடுத்தது மாரோவிண்டைச் செய்யுங்க, ஆனா அம்புக்குறி வைங்க, மேப்பைத் தட்டினா ஊருக்குப் போற வசதி வைங்க, வசனத்தையெல்லாம் குரல்ல பேச வைங்க, யார் படிச்சிட்டிருக்கிறது.. இதைச் சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல. என் சித்தி பையனும் அதைத்தான் சொல்றான். காலேஜ் ரெண்டாவது வருஷம், லீவுக்கு வந்திருந்தான். என் பின்னாடி நின்னு பத்து நிமிஷம் பார்த்துட்டு, "அண்ணே, எங்க போகணும்னே போடலையேண்ணே, இதை எப்டிண்ணே விளையாடுற?"ன்னான். "போடலைடா, சொல்லியிருக்காங்க"ன்னேன். அவனுக்குப் புரியல. அப்ப எனக்கும் முழுசாப் புரியல.

புரிஞ்சது ஆர்க்ங்தாண்ட்ல. கதையோட ஆரம்பத்துலயே வர்ற வேலை. பால்மோராவுல ஃபைட்டர்ஸ் கில்டுல ஹாஸ்ஃபாட் ஆண்டபோலிஸ்னு ஒருத்தர், ஆர்க்ங்தாண்டுங்கற பழைய இடிபாட்டுல இருந்து ஒரு புதிர்ப்பெட்டி கொண்டு வான்னு அனுப்பறாரு. வழியும் சொல்றாரு. ஊருக்குத் தெக்கால வெளிய போ, கிழக்கால திரும்பு, மூன்மாத் கோட்டையைத் தாண்டு, ஒரு பழைய பாலம் வரும், அதைக் கட. நான் கோட்டை வரைக்கும் ஒழுங்காப் போயிட்டு, அதுக்கப்புறம் தப்பான பள்ளத்துல இறங்கி, சாம்பல் நிறத்துல ஒரு வறண்ட ஓடை மாதிரி இருக்கற இடத்துல அரை மணி நேரம் திரிஞ்சேன். எரிமலைக் குழம்பு ஓடின தடமாம் அது. மறுபடி கோட்டைக்கே வந்து, ஜர்னலைத் திறந்து படிச்சு, திசையைப் பார்த்து, மறுபடி நடந்து.. பாலம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் நாற்காலியில இருந்து எழுந்தே நின்னுட்டேன். ஒரு பாலத்துக்கு! ஸ்கைரிம்ல முன்னூறு மணி நேரம் ஓட்டியிருக்கேன், அதுல ஒரு பாலமாவது ஞாபகம் இருக்கான்னா இல்ல. அங்க நான் பார்த்ததெல்லாம் மேல இருக்கற திசைகாட்டியை மட்டும்தான்.

கதவு பூட்டியிருந்துச்சு. பக்கத்துல குழாய்ல இருக்கற பிடியைச் சுத்தணும், அதுக்கு ஒரு இருபது நிமிஷம். உள்ள போனா பெட்டியைக் காணோம். கையளவு பெட்டி, ஒரு சின்ன அறையில ஷெல்ஃபுல உக்காந்திருக்கு. அதுக்கு ஒரு மணி நேரம் (இதுல பல்லாயிரம் பேர் மாட்டியிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, ஆறுதல்தான்).

அம்புக்குறி பக்தர்கள் சொல்ற பதில் தெரியும். "பிடிக்கலைன்னா ஆஃப் பண்ணிக்கோயேன், எங்களுக்கு ஏன் வேணாங்கற?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஸ்கைரிம்ல ஒருதரம் ஆஃப் பண்ணிப் பாருங்க. வேலை குடுக்கறவர் அந்தப் பொருளைக் கொண்டு வான்னு சொல்லிட்டு வாயை மூடிக்குவார். எந்தப் பக்கம், எந்த மலைக்குப் பின்னாடின்னு பெரும்பாலும் ஒரு வார்த்தை வராது. ஜர்னல்லயும் ஒரு வரிதான். அம்பு இருக்குன்னு தெரிஞ்சதும் வழியை எழுதற வேலையையே விட்டுட்டாங்க. ஆக, கேமை அப்படியே வச்சு மேல ஒரு அம்பை ஒட்டினாங்கன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. வழி சொல்ற ஆளோட வாயை அடைச்சுட்டு அந்த இடத்துல அம்பை வச்சிருக்காங்க. 2006-ல ஆப்ளிவியன்ல ஆரம்பிச்சது இது. வசனம் பூரா குரல்ல பேசணும்னு வந்துட்டா, வார்த்தைக்கு வார்த்தை காசு. முதல்ல வெட்டு விழறது இந்த மாதிரி நீட்டி முழக்கி வழி சொல்றதுலதான்.

அடுத்தது "ஃபாஸ்ட் டிராவல் இல்ல" புலம்பல். இல்லன்னு யாருங்க சொன்னது? சில்ட் ஸ்ட்ரைடர்னு மாடி உயரத்துக்கு ஒரு பூச்சி, அதோட ஓட்டைக் குடைஞ்சு உள்ள உக்கார வச்சு கூட்டிட்டுப் போவாங்க. துறைமுகத்துல படகு இருக்கு. மேஜஸ் கில்டுல காசு குடுத்தா இன்னொரு கில்டுக்கு ஒரே நொடி. மார்க், ரீகால்னு ரெண்டு மந்திரம், நினைச்ச இடத்துல குறி வச்சுட்டு அங்கயே திரும்பலாம். ஆனா எந்த வண்டி எந்த ஊருக்குப் போகுதுன்னு தெரிஞ்சிருக்கணும். வடக்கால இருக்கற டேகன் ஃபெல் தீவுக்கு நான் பால்மோராவுல பூச்சி ஏறி ஆல்ட்-ரூன், அங்க மாறி கூல், அங்க இருந்து படகுன்னு போனேன். கிராமத்துக்கு மூணு பஸ் மாறிப் போனவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? இப்ப அந்தத் தீவு வழி எனக்கு மனப்பாடம். தெல்வானி மந்திரவாதிங்க கோபுரத்துல மேல் மாடிக்குப் படியே கிடையாது, பறக்கத் தெரியாதவன் வந்து என்ன பேசப் போறான்னு கட்டியிருக்காங்க. அந்தப் பறக்கற மந்திரத்தையே அடுத்த கேம்ல எடுத்துட்டாங்க. திறமை எண்ணிக்கை 27, அடுத்து 21, அப்புறம் ஸ்கைரிம்ல 18. ஒவ்வொரு தடவையும் "எளிமையாக்கிட்டோம்"னு கைதட்டல் வேற.

இன்னொண்ணு. கதைக்கு வேண்டிய ஆளைக் கூட இதுல கொல்லலாம். கொன்னா, விதியோட நூல் அறுந்துடுச்சு, பழைய சேவுக்குப் போ, இல்லன்னா நீ கெடுத்து வச்ச உலகத்துலயே இருன்னு ஒரு அறிவிப்பு வரும். அதுக்கப்புறமும் கேமை முடிக்க ஒரு கொல்லைப்புற வழி வச்சிருக்காங்க! ஸ்கைரிம்ல முக்கியமான ஆளை அடிச்சா முட்டி போட்டு உக்காந்துட்டு, கொஞ்ச நேரத்துல எழுந்து நடப்பார்.

குறையே இல்லாத கேம்னு சொல்ல வரல. க்ளிஃப் ரேசர்னு ஒரு பறவை, கெட்ட கனவுல கூட வருது. நடை, ஆமை நடை. அடி விழாதப்ப அது விழலைன்னு காட்டறதுக்கு எதிரி ஒதுங்கற மாதிரி ஒரு அசைவாவது வச்சிருக்கலாம், அது பெதெஸ்டாவோட சோம்பேறித்தனம்தான். சில இடத்துல ஜர்னல்ல சொன்ன வழியே தப்பு, கிழக்குன்னா மேற்கு. இதையெல்லாம் திருத்துங்க, யாரு வேணாங்கறா. வழி தப்பா இருந்தா வழியைத் திருத்துங்க, வழி சொல்றவரை வேலையை விட்டுத் தூக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இவ்ளோ சூடா பேசறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல ஒரு வாடிக்கையாளருக்கு நாங்க செஞ்சு குடுத்த சாஃப்ட்வேர்ல பழைய திரை பூராவும் எடுத்துட்டு, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்"னு அம்புக்குறி போட்டு புதுசாக்கினோம். கோடு அடிச்சது நான். டெமோவுல ஒரே பாராட்டு. ஒரு மாசம் கழிச்சு போன்ல ஒரு அம்மா, அங்க பதினஞ்சு வருஷமா வேலை பார்க்கறவங்க, திட்டக்கூட இல்ல, மெதுவாத்தான் சொன்னாங்க: "முன்னாடி எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. புதுசா வர்றவங்க என்னைத்தான் கேட்பாங்க. இப்ப எனக்கும் நெக்ஸ்ட் மட்டும்தான் தெரியுது." நான் "கொஞ்ச நாள்ல பழகிடும் மேடம்"னேன். ஆர்க்ங்தாண்ட் பாலத்துல நின்னப்ப அந்த அம்மா குரல் ஏன் ஞாபகம் வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன், அன்னிக்குத் தூக்கம் வரல. பழைய திரையை ஒரு ஓரமாத் திரும்பக் குடுக்கலாமான்னு திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட கேட்டிருக்கேன். சிரிச்சார். எழுத்துல கேட்டு மெயிலும் அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல.

கேமுக்கு வருவோம். விளையாடணும்னு நினைக்கறவங்க ஓப்பன்எம்டபிள்யூ போட்டுக்கோங்க. ஆர்வலருங்க சேர்ந்து முதல்ல இருந்து எழுதின திறந்தமூல எஞ்சின், லினக்ஸ்லயும் ஓடுது. ஒரிஜினல் கேம் கையில இருக்கணும், அது முக்கியம். ஓடாதீங்க, நடங்க. எழுதிக் குடுத்த ஆயுதத்தைக் கையில எடுங்க. செய்டா நீன்ல இருந்து வெளிய போற பாதையில வானத்துல இருந்து ஒருத்தன் கத்திட்டே விழுவான், அவன் வச்சிருக்கற சுருளை உடனே படிச்சுப் பார்த்துடாதீங்க (ஹிஹி, நான் பார்த்தேன். எகிறினது சுகமா இருந்துச்சு, இறங்கினதுதான்..).

சித்தி பையன் நேத்து போன் பண்ணினான். அவனும் போட்டுட்டானாம். "அண்ணே, அந்தப் பெட்டி எங்கண்ணே இருக்கு?"ன்னான்.

கோட்டை தாண்டிட்டியாடான்னு கேட்டேன். தாண்டிட்டானாம். பாலம் வரும், பாருன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன்.